தொண்ணூறு நிமிடக் கசெற்

விளக்கு அணைந்ததும் சிவயோகம் செய்த முதல் வேலை, பக்கத்துக் கதிரையில் வைத்திருந்த கைப்பையைத் தொட்டுப் பார்த்தது. பை இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓட, ஒஸ்லோவில் ஒரு படமாளிகைக்கு, சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, முழுக்க முழுக்க எங்கட சனம் நிறைந்த காட்சிக்கு எந்தக் கள்ளன் வரப்போகிறான். அவளுக்குக் கள்ளர் பயமில்லை, அந்தக் கதிரையில் யாராவது வந்து இருந்துவிடுவார்களோ என்ற பயம். படம் முடியும் வரைக்கும் தன் முகத்தைப் பக்கத்தில் இருந்து ஒருவரும் பார்க்கக் கூடாது. குலசேகரம் உயிரோடு இருந்திருந்தால் அங்கே அவர்தான் இருந்திருப்பார், பத்தாம் நிமிடத்தில் குறட்டையும் விட்டிருப்பார், அது பரவாயில்லை, குறட்டை விடுகிற மனுசன் முகத்தைப் பார்க்க மாட்டார். அவர் போய் நாலு வருசம். மகள் மயூரதி முன்வரிசையில் படக்காரர்களோடு இருந்தாள், இது அவள் எடுத்த முதல் படம், அகதியாக வந்த ஒரு குடும்பம் நோர்வேயின் வடக்கே மீன்பிடி ஊரொன்றில் குடியேறித் தட்டுத்தடுமாறிக் காலூன்றுகிற கதையாம், கதையைச் சொல்லும்போது ஏதோ சந்திரமண்டலத்துக் குடும்பம் மாதிரிச் சொன்னாள். முன்னுக்கு வாங்கோ அம்மா என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். முன்னுக்கு இருந்தால் கழுத்து நோகும் என்று சொல்லிவிட்டுச் சிவயோகம் கதவுக்குக் கிட்ட, கடைசிக்கு முதல் வரிசையைப் பிடித்துக்கொண்டாள். கழுத்துக்கு ஒரு கேடும் இல்லை. கதவுதான் வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் அவள் வாயால் சொன்ன அந்த வசனம் படத்தில் வந்துவிட்டால் எழும்பிப் போய்விட வேண்டும், கோட்டைக்கூடக் கழற்றவில்லை, பட்டுச்சேலைக்கு மேலே குளிர்கோட்டோடு வேர்த்துக்கொண்டு இருந்தாள். பின்னுக்குப் பார்த்தால் பராசக்தி. வடக்கே மீன் பக்டரியில் இரண்டு வருசம் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக நின்று வேலை செய்தவள். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் பராசக்திக்குச் சிவயோகத்தின் குரல் தெரியும்.

திரையில் பனி. பனிக்கு நடுவே ஒரு பஸ், பஸ்ஸில் இருந்து இறங்குகிறார்கள், ஒருத்தன், ஒருத்தி, ஒருத்தியின் வயிறு. கோட்டு புதிசு. இவ்வளவு நல்ல கோட்டு எங்களுக்கு யார் தந்தது, செஞ்சிலுவைக்காரர் தந்தது ஒரு கை கிழிந்த கோட்டு, அதையும் குலசேகரம் போட்டார், அவளுக்கு அவருடைய இரண்டு சுவெட்டர். மற்றதெல்லாம் பரவாயில்லை, வீதி சரி, மஞ்சள் மரவீடு சரி, துறைமுகத்தில் கடற்பறவைகள் கத்துகிற சத்தம்கூடச் சரி. இவள் எங்கே போய் இதையெல்லாம் பிடித்தாள். மூன்று வயதில் அந்த ஊரை விட்டு வந்த பிள்ளை. இப்போது பக்டரி. வெளிச்சம் கீழிருந்து அடிக்கிற கண்ணாடி மேசை, அதில் வெள்ளை மீன்துண்டத்தைப் போட்டால் உள்ளே இருக்கிற புழு நிழலாய்த் தெரியும், இடுக்கியால் எடுக்க வேண்டும், ஒன்று தவறினாலும் மேற்பார்வைக்காரி வந்து நிற்பாள். நடிக்கிற பெட்டை சென்னையில் இருந்து வந்தவளாம், நல்ல வடிவு, ஆனால் மீனைத் தொடுகிற விதத்தைப் பார்த்தால் பரம்பரைச் சைவம். உள்ளே பருத்திக் கையுறை, அதற்கு மேலேதான் றப்பர் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லைப் போல. பின்னால் பராசக்தி, விரல் விறைச்சுப் போகுமடி பிள்ளை என்று திரைக்குப் புத்தி சொன்னாள், நாலு பேர் சிரித்தார்கள். சிவயோகமும் சிரித்திருப்பாள். ஆனால் அவள் கண் அந்த மஞ்சள் வீட்டு அறைக்குள் போய்விட்டது, ஜன்னலோரம் மேசை, மேசையில் ஒரு கசெற் ரேடியோ, இரண்டு கசெற் போடுகிற பெரிய ரேடியோ, பிடி கொஞ்சம் உடைந்தது. அந்தப் பிடி உடைந்த கதை மயூரதிக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் யோசித்துப் பிறகு நினைவு வந்தது, உடைத்ததே அவள்தான், தவழ்கிற வயதில்.

அப்போது ஊருக்குக் கடிதம் போய்ச் சேர மூன்று மாதம், ரெலிபோன் கிடையாது, அதனால் எல்லோரும் கசெற்றில் பேசி அனுப்புவார்கள். கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தால் அங்கிருந்து கைமாறிக் கைமாறி யாழ்ப்பாணம் போகும், அங்கே வீட்டுக்காரர் எல்லாரும் சுற்றி இருந்து கேட்பார்கள், அழுவார்கள், பிறகு அதற்கு மேலேயே தங்கள் குரலைப் பதிந்து திருப்பி அனுப்புவார்கள். சிவயோகம் பவளம் அக்காவுக்குப் பேசினாள். பிள்ளை பிறந்து ஐம்பது நாள். அந்த ஊரில் கார்த்திகை பிறந்தால் தை மாதம் வரைக்கும் சூரியன் எழும்பாது, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரு நீல மங்கல், அவ்வளவுதான், அதுவும் அடுப்பில் பால் வைத்து இறக்குவதற்குள் போய்விடும். ஊரில் என்றால் முப்பத்தொரு நாளும் அம்மாவும் அக்காவும் படுக்கையை விட்டு எழும்ப விட்டிருக்க மாட்டார்கள், வேப்பிலைத் தண்ணி, சரக்குக் கறி, உள்ளிக் குழம்பு. இங்கே குலசேகரம் ஒஸ்லோவில் இருந்து வந்த சரக்குப் பொட்டலத்தை ஒரு நாள் காய்ச்சினார், அடிப்பிடித்து வீடு முழுக்கப் புகை, தீயணைப்பு மணி அடித்து மாடியில் இருந்த நோர்வேக் கிழவர் இறங்கி வந்து கையால் விசிறிவிட்டுப் போனார். பாவம் அவர் என்ன செய்வார், மத்தியானம் போனால் இரவு பதினொரு மணிக்கு மீன் மணத்தோடு வருவார். பகல் முழுக்க அவளும் பிள்ளையும். பிள்ளை அழும், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த முகத்தைப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை. பால் வந்தது, அது தன்பாட்டில் வந்தது, மற்றது வரவில்லை. கிழமைக்கொரு தரம் பிள்ளையை நிறுக்க வந்த தாதி நெஞ்சில் கை வைத்து ஏதோ கேட்பாள், சுகமா என்று கேட்கிறாளாக்கும் என்று எண்ணி, தெரிந்த நாலு சொல்லில் ஒன்றாகிய நல்லம் என்பதைச் சொல்லுவாள், அவளும் நல்லம் என்று எழுதிக்கொண்டு போவாள். ஒரு பின்னேரம் கசெற்றைப் போட்டுச் சிவப்புப் பொத்தானை அமத்தி அக்காவோடு பேசத் தொடங்கினாள். குளிரைச் சொன்னாள், மீனைச் சொன்னாள், பிள்ளை பிறந்த அன்றைக்கு ஒரு ஆம்பிளை டொக்டர் வந்ததைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே போக, வாய் தன்னை மறந்து அதையும் சொல்லிவிட்டது. அக்கா, இந்தப் பிள்ளை எனக்கு வேண்டாம். நீ வந்து கொண்டு போ. அதற்குப் பிறகு என்ன சொன்னாள் என்று இன்றைக்கு வரைக்கும் நினைவில்லை. அந்த வசனத்துக்குப் பிறகு நினைவு அப்படியே வெட்டுண்டு கிடக்கிறது.

கசெற் போய்ச் சேரவில்லை. சண்டையால் பாதை பூட்டு என்று கொழும்பிலேயே கிடந்து பதினாலு மாதம் கழித்துக் கொண்டுபோனவரே திருப்பிக் கொண்டு வந்தார், குறை நினைக்காதையுங்கோ தங்கச்சி என்று இரண்டு கையாலும் கொடுத்தார். அதற்குள் பிள்ளை நடந்தாள். அம்மா என்றாள். மற்றதும் வந்துவிட்டது, எப்போது வந்ததென்று தெரியாமல் வந்தது, ஒரு நாள் காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டபோது தனக்கே நடுங்கியது, அன்றைக்குத்தான் தெரிந்தது. இனி அந்தக் கசெற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது. குப்பையில் போடப் பயம், யாராவது எடுத்துக் கேட்டால், நோர்வேக்காரருக்கு என்ன விளங்கப்போகிறது என்று புத்தி சொன்னாலும் மனம் கேட்கவில்லை. நாடாவை இழுத்து அறுக்கப் பார்த்தாள், இழுக்க இழுக்கப் பிள்ளை கைதட்டிச் சிரித்துக்கொண்டு வந்து அந்தப் பளபளப்பைக் கழுத்தில் சுற்றிக்கொண்டது, பயந்துபோய் எல்லாவற்றையும் பென்சிலை விட்டுத் திருப்பித் திருப்பி உள்ளே சுற்றினாள். கடைசியில் வந்த யோசனை, இதற்கு மேலே சாமிக் காரியமாக ஏதாவது பதிந்துவிட்டால் போச்சு. கோயில் நாதஸ்வரக் கசெற் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் அதைப் போட்டு மறுபக்கம் இதைப் போட்டு அமத்தினாள், நாதஸ்வரம் முடிய இரண்டும் சேர்ந்து டக்கென்று நின்றன, திருப்பிப் போட்டாள், மறுபடி டக். சரி, முடிந்தது, தலை முழுகினது மாதிரி இருந்தது. மேலே நாதஸ்வரம் என்று எழுதி நீலப் பிஸ்கற் தகரப் பேணிக்குள் மற்றக் கசெற்றுகளோடு போட்டாள். இருபத்தெட்டு வருசம் அது அங்கேதான் கிடந்தது. மூன்று வருசத்துக்கு முதல் மயூரதி வந்து, படத்துக்குப் பழைய சத்தங்கள் வேணும், கசெற் இருக்கோ என்று கேட்டபோது இவளே கதிரை போட்டு ஏறி அலுமாரிக்கு மேலே இருந்த பேணியை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாள். கொடுத்த கையை வெட்டிப் போட வேண்டும். மறுகிழமை மயூரதி ரெலிபோனில் சொன்னாள், அம்மா, அந்த நாதஸ்வரக் கசெற் தொண்ணூறு நிமிடக் கசெற், நல்லது, நீளமா இருக்கு. உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. ஓமோ என்றாள் சிவயோகம். பிறகு அரிசியைக் கிளறிக்கொண்டு நிற்கும்போதுதான் தலையில் விழுந்தது. நாதஸ்வரக் கசெற் அறுபது நிமிடம். பக்கத்துக்கு முப்பது. இது பக்கத்துக்கு நாற்பத்தைந்து. நாதஸ்வரம் மூடினது முப்பதைத்தான். மிச்சப் பதினைந்தில் அவள் குரல் அப்படியே கிடக்கிறது.

அன்றையில் இருந்து இதுதான் அவளுக்குத் தொழில். அந்த வசனம் முப்பதுக்கு முன்னாலா பின்னாலா. ஒரு நாள் வீட்டில் தனிய இருந்து, கேக் வேகவைக்கிற மணிக்கூட்டை முறுக்கிவிட்டு, நினைவில் இருந்த மட்டும் அக்காவோடு முதலில் இருந்து பேசிப் பார்த்தாள், குளிர், மீன், டொக்டர் என்று வரிசையாக. வசனத்துக்கு வந்து சேர இருபத்தேழு நிமிடம். அப்பாடா என்று இருந்தது. மறுநாள் மனம் கேளாமல் இன்னொரு தரம் பேசினாள், முப்பத்துநாலு. இடையில் மூக்கைச் சீறினது, அழுதது, அதெல்லாம் அன்றைக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று யாருக்குத் தெரியும். பவளம் அக்காவிடம் சொல்லி அழவும் வழியில்லை, அக்கா அந்தக் கசெற்றைக் கேளாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள், உலகத்தில் அந்த வசனத்தைச் சொன்னவள் இருக்கிறாள், சொல்லப்பட்டவள் இல்லை. நல்லது, நீளமா இருக்கு என்று ஏன் சொன்னாள். எதற்கு நல்லது. கேட்டிருந்தால் அப்படிச் சாதாரணமாகச் சொல்லுவாளா, கேளாவிட்டால் நீளமென்று எப்படித் தெரியும், கசெற்றின் நெற்றியிலேயே தொண்ணூறு என்று போட்டிருக்கிறதே, அதைப் பார்த்துச் சொல்லியிருப்பாள், படித்த பிள்ளைக்குத் தொண்ணூறைப் பார்க்கத் தெரியாதா, பெற்றவளுக்குத்தான் தெரியாமல் போனது. கேட்டுவிட வேண்டியதுதானே என்றால் எப்படிக் கேட்பது. பிள்ளை, முழுக்கக் கேட்டனியோ என்று கேட்டால், கேளாத பிள்ளையும் போய்க் கேட்கும். அதனால் மூன்று வருசம் வாயே திறக்கவில்லை. ஞாயிறுகளில் மயூரதி வந்தாள், சாப்பிட்டாள், போனாள், கதவடியில் கட்டிப்பிடித்தாள், அந்தக் கட்டிப்பிடிப்பு வழமையை விடக் கூடவா குறையவா என்று அளந்துகொண்டு நின்றாளே தவிர ஒரு நாளும் திருப்பிப் பிடிக்கவில்லை. அந்த வசனத்தைச் சொன்ன நாக்கு அவளுக்கே ஆகாமல் போயிருந்தது. வேண்டாம் என்ற சொல்லை அந்தப் பிள்ளைக்கு முன்னால் அவள் பிறகு சொன்னதே கிடையாது. சோறு போதும் என்பாள், குளிருக்குள் போகாமல் இருந்தால் நல்லம் என்பாள். மருந்துப் படிப்பை விட்டுப் படம் படிக்கப் போகிறேன் என்று மகள் வந்து நின்றபோது குலசேகரம் குதித்தார், நீயாவது வேண்டாமெண்டு சொல்லப்பா என்று கெஞ்சினார், இவள் யோசிப்பம் என்றாள், யோசிப்பம் யோசிப்பம் என்றே பிள்ளை படித்து முடித்துவிட்டது. தாய் நல்ல செல்லம் என்று பராசக்தி ஊரெல்லாம் சொன்னாள். சொல்லட்டும்.

திரையில் தாதி வந்திருந்தாள். அந்தச் சென்னைப் பெட்டை நெஞ்சில் கை வைத்து நல்லம் என்றாள், நோர்வேஜிய மொழியில், சிவயோகம் சொல்லுகிற அதே இழுவையில். யார் சொல்லிக் கொடுத்தது. தாதி எழுதினாள், போனாள், கதவு சாத்துண்டது, பிள்ளை அழுதது. பெட்டை அசையாமல் இருந்து பார்த்தாள். இது மயூரதிக்கு ஒருவரும் சொன்ன கதையல்ல. குலசேகரத்துக்கே தெரியாத கதை. சிவயோகத்தின் கால் தன்பாட்டில் கதவுப் பக்கம் திரும்பியது. எழும்பலாம், கழிவறைக்குப் போகிற சாட்டில் போகலாம், நாலு முழங்காலைத் தாண்டினால் கதவு, ஆனால் உடம்பு கதிரையோடு கனத்துக் கிடந்தது, மண்டபத்தில் இருநூறு பேர், ஒருவரும் அவளோடு இல்லை. பெட்டை மேசைக்கு வந்தாள். பிடி உடைந்த ரேடியோவுக்குள் கசெற்றைப் போட்டாள். சிவப்புப் பொத்தான். அக்கா, என்றாள். குளிரைச் சொன்னாள். மீனைச் சொன்னாள், அந்த ஊர்க் கசெற் எல்லாவற்றிலும் இருந்ததுதான், சனம் சிரித்தது. மேற்பார்வைக்காரியைச் சொன்னாள். சிவயோகம் இரண்டு கையாலும் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவனே இந்தச் சனத்துக்கு முன்னால் என்னை, என்று தொடங்கி, பிறகு அதைவிட்டு, என்ர பிள்ளை, என்ர பிள்ளை அதைக் கேட்டிருக்கக் கூடாது, ஊர் கேட்டால் கேட்கட்டும், பராசக்தி கேட்டு ஒஸ்லோ முழுக்கச் சொல்லட்டும், அவள் கேட்டிருக்கக் கூடாது, என்று எதையோ பேரம் பேசினாள். டொக்டரைச் சொன்னாள் பெட்டை. மூக்கைச் சீறினாள். வாயைத் திறந்தாள். நாதஸ்வரம் தொடங்கியது. பழைய, கொஞ்சம் இரைச்சல் விழுந்த, கோயில் வீதியில் பிடித்த நாதஸ்வரம். பெட்டையின் வாய் அசைந்துகொண்டே இருந்தது, கண்ணீர் ஓடியது, கை ஜன்னலைக் காட்டியது, தொட்டிலைக் காட்டியது, ஒரு சொல் கேட்கவில்லை, மண்டபம் நிறைய நாதஸ்வரமும் தவிலும்தான். ஒரு முழு நிமிடம் அப்படியே போனது. என்ன சொல்லுறாள் எண்டு கேக்கேல்லையே, மெசினில ஏதோ பிழை போல, என்று பராசக்தி பின்னால் முணுமுணுத்தாள். பிழை இல்லை என்பது அங்கே ஒருத்திக்குத் தெரியும். தாய் மூடாமல் விட்டதை மகள் மூடியிருந்தாள். கேட்காத ஒருத்தியால் இவ்வளவு சரியான இடத்தில் மூட முடியாது.

பிறகு படத்தில் வசந்தம் வந்தது, சூரியன் வந்தது, பிள்ளை நடந்தது, குடும்பம் பெட்டி கட்டித் தெற்கே போனது, சிவயோகம் ஒன்றையும் காணவில்லை. விளக்கு வந்தது. சனம் எழும்பிக் கைதட்டியது, மேடையில் யாரோ பூங்கொத்துக் கொடுத்தார்கள், பராசக்தி முதுகில் தட்டி, உங்கட மகள் எங்கட கதையை எடுத்துப்போட்டாள், ஆனா அந்தக் கசெற் இடத்தில சத்தத்தைத் திருத்தச் சொல்லுங்கோ, என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி மேசையைப் பார்த்துப் போனாள். மண்டபம் மெல்ல வெறுமையானது. சிவயோகம் எழும்பவில்லை. மயூரதி பூங்கொத்தோடு படிகளில் ஏறி வந்து, கைப்பை இருந்த கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள். முப்பத்திரண்டு வயது, கண்ணுக்குக் கீழே கறுப்பு, காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள். பூ நல்லா இருக்கு என்று தொடங்கத்தான் சிவயோகம் நினைத்தாள்.

"முழுக்கக் கேட்டனியோ?" என்று கேட்டாள்.

மயூரதி எதையென்று கேட்கவில்லை. "ஓம்," என்றாள். "ரெண்டு பக்கமும்."

மூன்று வருசம், என்று நினைத்தாள் சிவயோகம். மூன்று வருசம் இந்தப் பிள்ளை அதை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறது. இவள் தனிய, நான் தனிய, இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சட்டி மீன்குழம்பு. மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது, அதற்கு எந்தச் சொல் என்று தெரியவில்லை, பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவள் வீட்டில் இருந்ததில்லை.

"நீங்க அதுக்குப் பிறகு கசெற்ற நிப்பாட்ட மறந்திட்டீங்கள், அம்மா," என்றாள் மயூரதி. தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சொன்னாள். "நான் அழுறன். நீங்க வந்து தூக்குறீங்கள். பிறகு கடைசி மட்டும் நீங்க நடக்கிற சத்தம்தான். நடந்து நடந்து என்னோட கதைக்கிறீங்கள். பதினொரு நிமிசம். நான் எண்ணினனான்."

சிவயோகம் அந்தப் பதினொரு நிமிடத்தைத் தேடினாள். அறை வந்தது, மங்கல் வந்தது, ரேடியோ வந்தது, நடந்த நினைவு வரவில்லை. தூக்கின நினைவு வரவில்லை. முப்பத்திரண்டு வருசம் சொன்னதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு தூக்கினதைத் தொலைத்துவிட்டாளா. அல்லது இவள் படமெடுக்கிறவள், இல்லாததையும் இருந்தது மாதிரிக் காட்டத் தெரிந்தவள், தாய்க்காக ஒரு காட்சியைச் சேர்த்துச் சொல்லுகிறாளா. மகளின் முகத்தைப் பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டால்தான் தெரியும், வேறு வழியில்லை.

"அது இப்ப எங்க கிடக்கு?" என்று கேட்டாள்.

"என்னட்டத்தான். ரேடியோவும் இருக்கு, படத்துக்கு வாங்கினது." மயூரதி பூங்கொத்தை ஒரு கையில் இருந்து மற்றக் கைக்கு மாற்றினாள். "உங்களுக்கு வேணுமோ?"

சிவயோகம் பக்கத்துக் கதிரையில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மகள் அந்த இடத்தில் வந்து இருந்தாள்.

"வேணும்," என்றாள் சிவயோகம்.